குதிரை ரேஸ் புத்தகம்: கொடுத்த காசுக்குத் தகுமா?

ரேஸுக்குப் போகிறவர் குதிரை மேல் பணம் கட்டுவதற்கு முன்பே ஒரு செலவு செய்துவிடுகிறார். அன்று ஓடப்போகும் குதிரைகளின் பழைய ஓட்டங்களை அச்சடித்த புத்தகத்தையோ தாளையோ வாங்குகிறார். கிண்டிக்குப் போய்ப் பழகியவர்கள் அதை ரேஸ் புக் என்பார்கள். இங்கிலாந்தில் 'ரேசிங் போஸ்ட்', அமெரிக்காவில் 'டெய்லி ரேசிங் ஃபார்ம்'. எந்த ஊரானாலும் வாங்குகிறவர் மனதில் ஓடுவது ஒரே கணக்குதான்: இதைப் படித்தால் இதன் விலையாவது திரும்பி வருமா?

சிலருக்கு வரும், பெரும்பாலோருக்கு வராது. புத்தகத்தில் இருப்பது பொய் என்பதால் அல்ல. அதில் இருப்பது அநேகமாக எல்லாமே உண்மை. அந்த உண்மையைப் பக்கத்தில் நிற்பவரும் படித்துவிட்டார் என்பதுதான் சிக்கல். இது எப்படி நம் பணத்தைத் தொடுகிறது என்று பார்க்க அமெரிக்கப் பத்திரிகையையே எடுத்துக்கொள்வோம். இந்தத் தொழிலில் அவ்வளவு நீண்ட காலம் நிலைத்ததும், அவ்வளவு காசு பார்த்ததும் அதிகமில்லை.

'டெய்லி ரேசிங் ஃபார்ம்' 1894இல் சிகாகோவில் தொடங்கியது. நடத்தியவர் ஃபிராங்க் புருனெல் என்ற பத்திரிகையாளர். 1922இல் மோசஸ் அன்னன்பர்க் அதை வாங்கினார். ரேஸ் முடிவுகளைத் தந்தியில் அனுப்பும் தொழிலும் அவர் கைக்கு வந்தது. பணம் கொட்டியது. வருமான வரி ஏய்ப்பு வழக்கில் 1940இல் அவர் சிறைக்கும் போனார். மகன் வால்டர் அன்னன்பர்க் அந்த வருமானத்தை வைத்து 'செவன்டீன்', 'டிவி கைடு' என்று வேறு பத்திரிகைகளை வளர்த்தார். 1988இல் மொத்த நிறுவனத்தையும் சுமார் 300 கோடி டாலருக்கு ரூபர்ட் முர்டாக்கிடம் விற்றார். அதற்குள் 'டிவி கைடு'தான் அந்த நிறுவனத்தின் பெரிய சொத்து. ஆனாலும் தொடக்கக் காலத்தில் அதைத் தாங்கிய தூண்களில் ஒன்று ரேஸ் பத்திரிகை. ரேஸ் ஆடிப் பணக்காரர் ஆனவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ரேஸ் கணக்கை அச்சடித்து விற்றுப் பணக்காரர் ஆன குடும்பத்துக்கு ஆவணமே இருக்கிறது.

அப்படி என்னதான் அச்சடிக்கிறார்கள்? ஒரு குதிரைக்குப் பக்கத்தின் முழு அகலத்துக்கும் ஓடும் ஒரு பட்டை. மேலே குதிரையின் பெயர், நிறம், வயது, தகப்பன் குதிரை, தாய்க் குதிரை, உரிமையாளர், டிரெயினர், ஜாக்கி, அவர்கள் இந்த சீசனில் எத்தனை ஓட்டத்தில் எத்தனை வென்றார்கள் என்ற விவரம். கீழே பொடி எழுத்தில் வரிவரியாகப் பழைய ஓட்டங்கள், ஓர் ஓட்டத்துக்கு ஒரு வரி. பழக்கமில்லாதவருக்கு அது ரயில்வே கால அட்டவணை மாதிரிதான் தெரியும்.

ஒரு வரியை மட்டும் பிரித்துப் பார்ப்போம். உதாரணத்துக்கு நானே எழுதிக்கொண்ட வரி இது. தேதி, மைதானம், தளம் காய்ந்திருந்ததா ஈரமா. தூரம் 6 ஃபர்லாங், அதாவது முக்கால் மைல். கால் மைலுக்கு 22 விநாடி சொச்சம், அரை மைலுக்கு 45 சொச்சம், முடிவு 1 நிமிடம் 10 விநாடி சொச்சம். இந்த நேரங்கள் அந்தந்தக் கட்டத்தில் முன்னால் ஓடிய குதிரையுடையவை. நம் குதிரை எத்தனை குதிரை நீளம் பின்தங்கி இருந்தது என்பது அடுத்த கட்டங்களில் இருக்கும், அதை வைத்து நாமே கழித்துக்கொள்ள வேண்டும். அடுத்து, 9ஆம் எண் கதவிலிருந்து கிளம்பியது, தொடக்கத்தில் ஏழாவது, வளைவில் ஆறாவது, முடிவில் ஐந்தாவது, வென்ற குதிரைக்கு 4 நீளம் பின்னால். ஜாக்கி பெயர், சுமந்த எடை, மருந்து கொடுத்ததற்கு ஓர் எழுத்து, கண்மறைப்பு போட்டிருந்தால் ஓர் எழுத்து. அன்றைய பந்தய விலை ஒன்றுக்கு எட்டரை. கடைசியில் இரண்டு மூன்று சொல்லில் ஒரு குறிப்பு: வளைவில் ஐந்தாவது தடத்தில் ஓடியது.

காசுக்கு மதிப்பு இருக்கும் இடம் இதுதான். முடிவுப் பட்டியலை மட்டும் பார்த்தவருக்கு அது ஐந்தாவதாக வந்த குதிரை, அவ்வளவுதான். குறிப்பைப் படித்தவருக்கு வேறு கதை தெரியும். வளைவில் உள்வேலியை ஒட்டி ஓடிய குதிரையைவிட ஐந்தாவது தடத்தில் ஓடிய குதிரை அதிக தூரம் ஓடியிருக்கிறது. அதையும் ஓடி 4 நீளத்தில்தான் தோற்றது என்றால், இன்று உள்பக்கக் கதவு கிடைத்திருக்கும்போது அதை ஒதுக்கிவிட முடியாது. இப்படிப் பத்துப் பன்னிரண்டு குதிரைகளுக்கும் படிக்க வேண்டும். ஒன்பது ரேஸ் இருந்தால் ஒன்பது முறை. ஒழுங்காகப் படித்தால் ஒரு மாலைப் பொழுது முழுவதும் அதற்கே போய்விடும். புத்தகத்தின் விலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த மாலைப் பொழுதுக்கு விலை போடுவதே இல்லை.

அந்தக் குறிப்பை எழுதுகிறவரும் ஒரு மனிதர்தான், மேல் மாடத்தில் நின்று தொலைநோக்கியில் பார்த்துச் சொல்கிறவர். எல்லாக் குதிரையின் இடைஞ்சலும் அவர் கண்ணில் பட்டுவிடாது. தவிர, அச்சுக்குப் போன பிறகு நடப்பது எதுவும் தாளில் ஏறாது. ஒரு குதிரை காலையில் விலக்கிக்கொள்ளப்படும், ஜாக்கி மாறுவார், மழை பெய்யும். அமெரிக்காவில் புல்தளத்தில் நடக்க வேண்டிய ரேஸை மழை வந்தால் மண்தளத்துக்கு மாற்றிவிடுவார்கள். முதல் நாள் இரவு கண்விழித்துப் புல்தள ஓட்டங்களைக் கோடு போட்டுப் படித்தவருக்கு அந்த ரேஸ் அத்தோடு போச்சு.

அந்த வரியில் தடித்த எழுத்தில் ஓர் எண் இருக்கும் என்பதை வேண்டுமென்றே விட்டுவைத்தேன். அதற்குத் தனிக் கதை உண்டு.

ஆண்ட்ரூ பையர் என்பவர் 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழில் ரேஸ் பத்தி எழுதியவர். ஓட்டக் குதிரைகளின் நேரத்தை அப்படியே ஒப்பிட முடியாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒரு நாள் தளம் இறுகி வேகமாக இருக்கும், இன்னொரு நாள் மந்தமாக இருக்கும், மைதானத்துக்கு மைதானம் மாறும். பையர் அன்று நடந்த எல்லா ரேஸ்களின் நேரத்தையும் பார்த்து, தளம் எவ்வளவு வேகம் என்று கணித்து, அதைக் கழித்து, ஒவ்வொரு குதிரைக்கும் ஒரே அளவுகோலில் ஓர் எண் கொடுத்தார். 6 ஃபர்லாங்கில் ஒரு நீளம் என்றால் ஏறத்தாழ இரண்டரைப் புள்ளி. மேலே சொன்ன குதிரை 4 நீளத்தில் தோற்றதால், வென்ற குதிரை 88 வாங்கியிருந்தால் இதற்கு 78. முதல்தரக் குதிரைகள் 100ஐத் தாண்டும். 1973இல் பெல்மான்ட் ஸ்டேக்ஸை 31 நீளத்தில் வென்ற செக்ரடேரியட்டுக்குப் பின்னாளில் கணக்கிட்டுப் போட்ட எண் 139.

இந்த வழிமுறையை அவர் 1975இல் 'பிக்கிங் வின்னர்ஸ்' என்ற புத்தகத்தில் விளக்கினார். படித்தவர்களில் பெரும்பாலோர் கணக்குப் போடச் சோம்பல்பட்டார்கள். ஆகவே தினமும் உட்கார்ந்து கணக்குப் போட்ட சிலருக்கு மட்டும் நல்ல காலம். மற்றவர் கண்ணில் படாத வேகமான குதிரை அவர்களுக்கு நல்ல விலைக்குக் கிடைத்தது. 1991இல் ராபர்ட் மேக்ஸ்வெல் 'தி ரேசிங் டைம்ஸ்' என்ற போட்டிப் பத்திரிகையைத் தொடங்கி, பையர் எண்களைத் தினமும் அச்சில் கொண்டுவந்தார். அந்த ஆண்டு நவம்பரில் மேக்ஸ்வெல் இறந்தார், சில மாதங்களில் பத்திரிகையும் நின்றது. எண்கள் 'டெய்லி ரேசிங் ஃபார்ம்' பக்கத்துக்கு வந்து சேர்ந்தன. அன்றிலிருந்து பத்திரிகை வாங்கும் எல்லாருக்கும் அந்த எண் தெரியும். பிறகு என்ன ஆனது? எண் உயர்ந்த குதிரையின் விலை இறங்கியது. இதைப் பையரே ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறார். எண் தவறாகிவிடவில்லை, முன்பு எவ்வளவு சரியோ அவ்வளவு சரிதான். அதை வைத்துப் பணம் எடுப்பதுதான் கடினமாகிவிட்டது.

ஏன் அப்படி என்பதற்கு டோட் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ஜோசப் ஒலே உருவாக்கிய முறை அது. எல்லாரும் கட்டிய பணம் ஒரே தொகையாகச் சேரும். நடத்துகிறவர் தன் பங்கை முதலில் எடுத்துக்கொள்வார். மீதியை வென்ற குதிரை மேல் கட்டியவர்கள் பிரித்துக்கொள்வார்கள். நியூயார்க்கில் வின் பந்தயத்துக்கு அந்தப் பங்கு 16 சதவீதம். இரண்டு மூன்று ரேஸைச் சேர்த்துக் கட்டும் பந்தயங்களில் பிடித்தம் இன்னும் கூடும்.

ஒரு ரேஸில் 1,00,000 டாலர் சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். பிடித்தம் போக 84,000. ஒரு குதிரை மேல் 42,000 டாலர் விழுந்திருக்கிறது. அது வென்றால் ஒரு டாலருக்கு 2 டாலர் கிடைக்கும். மொத்தப் பணத்தில் 42 சதவீதம் அதன் மேல் இருப்பதால், அதன் வெற்றி வாய்ப்பு 42 சதவீதம் என்று கூட்டம் நினைக்கிறது என்று அர்த்தம். கூட்டம் நினைப்பது சரி என்றால் ஒவ்வொரு டாலருக்கும் சராசரியாக 84 சென்ட் திரும்பும். நீங்கள் புத்தகத்தைக் கரைத்துக் குடித்து, இந்தக் குதிரையின் உண்மையான வாய்ப்பு 48 சதவீதம் என்று சரியாகவே கண்டுபிடித்துவிட்டீர்கள். கூட்டத்தைவிட ஆறு புள்ளி கெட்டிக்காரர். அப்போதும் டாலருக்கு 96 சென்ட்தான் வரும். கெட்டிக்காரத்தனத்துக்குப் பிறகும் நஷ்டம். 50ஐத் தாண்டினால்தான் முதல் காசு லாபம்.

ஆகவே எந்தக் குதிரை ஜெயிக்கும் என்பது பாதிக் கேள்வி. எந்தக் குதிரையைக் கூட்டம் இவ்வளவு பெரிய அளவில் தவறாக மதிப்பிட்டிருக்கிறது என்பதே பணத்தைத் தொடும் கேள்வி. கூட்டத்தின் கையிலும் அதே புத்தகம் இருக்கும்போது, அந்தப் புத்தகத்திலேயே விடை தேடுவது எவ்வளவு தூரம் உதவும்?

இதை அளந்து பார்த்தவர் உண்டு. ஸ்டீஃபன் ஃபிக்லெவ்ஸ்கி என்ற பொருளாதாரப் பேராசிரியர், பத்திரிகைகளில் வெளியான நிபுணர்களின் கணிப்புகளை எடுத்து, அவற்றில் உண்மையிலேயே தகவல் இருக்கிறதா என்று ஆராய்ந்தார். கட்டுரை 1979இல் வெளிவந்தது. முடிவு இரண்டு பகுதி. நிபுணர்களின் கணிப்பில் கணிசமான தகவல் இருந்தது, அவர்கள் சும்மா எழுதவில்லை. ஆனால் மைதானத்துப் பந்தய விலையில் அந்தத் தகவல் அநேகமாக முழுவதும் ஏற்கெனவே சேர்ந்திருந்தது. மைதானத்துக்கு வெளியே கடைகளில் கட்டியவர்கள் இந்த விஷயத்தில் மைதானத்துக் கூட்டத்தைவிடச் சற்றுப் பின்தங்கியிருந்தார்கள் என்பது கூடுதல் செய்தி.

இந்த இடத்தில் நம்மூர் ரேஸ்காரர்கள் 1996 தீர்ப்பை எடுத்து நீட்டுவார்கள். தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974இல் சட்டம் வந்தது. மெட்ராஸ் ரேஸ் கிளப் வழக்கில், குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமையைச் சார்ந்த ஆட்டம், வெறும் அதிர்ஷ்டம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1996 ஜனவரியில் சொன்னது. குதிரையின் பரம்பரை, பயிற்சி, ஜாக்கியின் திறமை, முந்தைய ஓட்டங்கள் இவற்றை ஆராய்ந்து முடிவெடுக்க முடியும் என்பதே அடிப்படை. அது சரியான வாதம். ஆனால் திறமை வேண்டும் என்பதற்கும் திறமை இருந்தால் லாபம் வரும் என்பதற்கும் நடுவில் அந்த 16 சதவீதம் நிற்கிறது. நீதிமன்றத்தின் முன் இருந்தது குதிரையைப் பற்றிய கேள்வி. டோட்டில் நம் பணம் மோதுவது குதிரைகளோடு அல்ல, மற்ற ஆட்டக்காரர்களோடு.

அச்சடித்த பழைய கணக்கை வைத்து உண்மையிலேயே பெரும் பணம் எடுத்தவர் இல்லையா? இருக்கிறார், அவர் கதை இந்தக் கேள்விக்கே எழுதியது போல இருக்கும். பில் பென்டர் லாஸ் வேகாசில் சீட்டாட்டத்தில் சீட்டுகளைக் கணக்கு வைத்து ஆடி, காசினோக்கள் உள்ளே விடாத நிலைக்கு வந்தவர். ஆலன் உட்ஸ் என்ற கூட்டாளியோடு 1980களின் நடுவில் ஹாங்காங் ரேஸுக்கு மாறினார். அவர்கள் முதலில் செய்தது, ஆயிரக்கணக்கான ரேஸ் முடிவுகள் அடங்கிய பழைய ஆண்டுத் தொகுப்புகளை வாங்கியதுதான். பென்டர் இரண்டு பெண்களை வேலைக்கு வைத்து அவற்றைக் கையாலேயே கணினியில் ஏற்ற வைத்தார். எடை, வயது, கடைசி ஓட்டத்துக்குப் பின் எத்தனை நாள் ஓய்வு என்று ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு முக்கியத்துவம் என்று கணினி கணக்கிட்டது. அவ்வளவும் செய்து முதல் சீசனில் கொண்டுபோன பணத்தில் பெரும்பகுதி காலி.

திருப்பம் சில ஆண்டுகள் கழித்து வந்தது. தன் கணக்கோடு, பொதுமக்கள் போட்ட விலையையும் ஒரு தகவலாகச் சேர்த்துக்கொண்டார் பென்டர். கூட்டத்துக்குத் தெரிந்த சில விஷயங்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை என்று ஒப்புக்கொண்டதுதான் அந்த மாற்றத்தின் சாரம். 1994இல் அவர் எழுதிய கட்டுரை இதைக் கணக்கோடு விளக்குகிறது. அவருக்கு அந்தப் பழைய தொகுப்புகள் விலைமதிப்பற்றவை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் படித்தது ஒரு ரேஸின் பத்துக் குதிரைகளை அல்ல, ஆயிரக்கணக்கான ரேஸ்களை ஒரே மூச்சில். இன்று அமெரிக்க மைதானங்களில் இப்படிக் கணினி வைத்துக் கட்டும் குழுக்கள் நிறைய வந்துவிட்டன. நிறையக் கட்டுவதால் பிடித்தத்தில் ஒரு பகுதி அவர்களுக்குத் தள்ளுபடியாகத் திரும்புகிறது. கதவு திறக்கும் கடைசி நொடிகளில் அவர்கள் பணம் விழுகிறது. தாளைப் பார்த்து ஒன்றுக்கு ஆறு என்று கட்டியவர், குதிரை வளைவில் திரும்பும்போது பலகையில் ஒன்றுக்கு நாலு என்று பார்க்கிறார்.

இனி நேராக விலைக்கு வருவோம். பத்திரிகை 10 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 9 ரேஸுக்கும் தலா 2 டாலர் கட்டுகிறார். மொத்தம் 18 டாலர். இதில் அவர் எதிர்பார்க்க வேண்டிய சராசரி நஷ்டம் 3 டாலர்கூட இல்லை. அதைத் தவிர்க்க 10 டாலருக்குப் பத்திரிகை வாங்குகிறார். வேடிக்கையாக இருந்தாலும் மைதானத்துக்கு வரும் பலர் செய்வது இதுதான். 200 டாலர் கட்டுகிறவருக்குப் பத்திரிகை 5 சதவீதச் செலவு. அது அவருடைய தேர்வை 5 சதவீதம் மேம்படுத்தினால்தான் தன் விலையையே ஈடுகட்டும், அந்த 16 சதவீதத்தை அப்போதும் தொடாது. ஒரு நாளில் 1,000 டாலர் கட்டுகிறவருக்கு அது 1 சதவீதம், தயங்காமல் வாங்கலாம். ஆனால் பத்திரிகை வாங்கியதை நியாயப்படுத்த 1,000 டாலர் கட்டத் தொடங்கினால் அதற்கு மருந்தில்லை.

காசில்லாமல் கிடைக்கும் ஓர் அறிவுரையோடும் இதை ஒப்பிட வேண்டும். பந்தய விலைப் பலகை எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி நிற்கிறது. கூட்டம் அதிகப் பணம் கட்டிய ஃபேவரிட் குதிரை ஏறத்தாழ மூன்றில் ஒரு ரேஸை வெல்கிறது. அதிக விலையுள்ள அவுட்சைடர்கள் மேல் கூட்டம் தேவைக்கு மேல் பணம் கட்டுகிறது என்பதை 1949இலேயே கிரிஃபித் என்ற உளவியலாளர் எழுதினார், பின்னால் வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் ஒத்துக்கொண்டன. கண்ணை மூடிக்கொண்டு ஃபேவரிட் மேலேயே கட்டினாலும் நஷ்டம்தான், ஆனால் அவுட்சைடரைத் துரத்துவதைவிடக் குறைவான நஷ்டம். இதற்குப் புத்தகம் தேவையில்லை.

டிப்ஸ் தாள்களின் சாமர்த்தியமும் இதில்தான் இருக்கிறது. மூன்றில் ஒரு ரேஸ் சரியாகச் சொன்னோம் என்று தாளில் கொட்டை எழுத்தில் போடுவார்கள். ஃபேவரிட்டின் பெயரை எழுதிக்கொடுத்தாலே அந்தக் கணக்கு வந்துவிடும். இன்னும் சிலர் ஒரு ரேஸுக்கு மூன்று பெயர் தருவார்கள். முதல் மூன்று ஃபேவரிட்களில் ஒன்று ஜெயிப்பது பாதிக்கு மேற்பட்ட ரேஸ்களில் நடக்கும் விஷயம். நேற்று எங்கள் தாளில் ஆறு வின்னர் என்று அடுத்த நாள் விளம்பரம் வரும், அந்த மூன்றில் எது வின்னர் என்று முன்னாலேயே யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். டிப்ஸ் தருகிறவரிடம் கேட்க வேண்டியது எத்தனை ஜெயித்தது என்பதல்ல. நீங்கள் முதலாவதாகச் சொன்ன எல்லாக் குதிரை மேலும் நூறு நூறு ரூபாய் கட்டியிருந்தால் இன்று கையில் எவ்வளவு என்று கேளுங்கள். 100 ரேஸில் 33 வெற்றி, சராசரியாக 240 ரூபாய் திரும்புகிறது என்றால் 10,000 ரூபாய் போட்டு 7,920 ரூபாய் வாங்கியிருக்கிறீர்கள். 33 வெற்றி என்று சொல்லும்போது அழகாகத்தான் இருக்கும்.

நம்மூர் ஆங்கில நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் காலைப் பயிற்சிக் குறிப்புகள் வரும். உள் மணல், 800 மீட்டர், இன்ன குதிரை, இன்ன ஜாக்கி, இத்தனை விநாடி, பிறகு 'நன்றாக ஓடியது', 'எளிதாக நகர்ந்தது' என்று ஓரிரு சொல். நேரம் தகவல். அந்த ஓரிரு சொல் அபிப்பிராயம். ஒரு காலையில் ஓடும் குதிரைகளில் பாதிக்கு மேல் நன்றாக ஓடியதாகவே எழுதப்பட்டிருந்தால் அந்தச் சொல் எதையும் பிரித்துக் காட்டாது. அமெரிக்கத் தாளில் அச்சாகும் காலை விலையும் இப்படித்தான் தவறாகப் படிக்கப்படுகிறது. மைதானத்து அலுவலர் ஒருவர், கூட்டம் எப்படிக் கட்டும் என்று ஊகித்துப் போடும் விலை அது. குதிரை எப்படி ஓடும் என்ற கணிப்பு என்று எடுத்துக்கொள்கிறவர்கள் ஏராளம்.

வெறும் தகவலின் விலையும் வேகமாக இறங்கிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் ரேஸ் முடிவுகளின் முழு விவரத்தை ஈக்விபேஸ் நிறுவனம் இலவசமாகவே தருகிறது. ஹாங்காங் ஜாக்கி கிளப் பழைய ஓட்டம், இடைநேரம், காணொளி வரை இணையத்தில் காசில்லாமல் வைத்திருக்கிறது. இன்னொரு பக்கம், ராகோசின், தோரோகிராஃப் போன்ற தனித் தாள்கள் பத்திரிகையைவிட அதிக விலைக்கு விற்கின்றன. நேர வித்தியாசத்தோடு காற்று, எடை, வளைவில் எந்தத் தடம் என்பதையும் கணக்கில் சேர்ப்பவை அவை. எனக்கு இவற்றின் விலை அதிகம் என்பதே இவற்றுக்கு ஓரளவு நியாயமாகத் தெரிகிறது. குறைந்த பேர் படிப்பதால் அந்தத் தகவல் முழுவதும் விலையில் கலந்துவிடுவதில்லை. மலிவாகிவிட்டால் அவற்றுக்கும் பையர் எண்ணின் கதிதான்.

ஆகவே இப்படிச் சொல்லலாம். பழைய ஓட்டங்களை அச்சடித்த புத்தகத்தை, படிப்பதே பிடித்திருந்தால் வாங்குங்கள். ஒரு பிற்பகலை அர்த்தத்தோடு பார்க்க வைக்கும், சினிமா டிக்கெட் செலவு. வாங்குவதற்கு முன் இலவசமாகக் கிடைப்பதைப் படித்து, பணம் கட்டாமல் ஐம்பது ரேஸுக்கு உங்கள் தேர்வையும் அன்றைய விலையையும் ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். அதில் தேறாத கணக்கு பத்து டாலர் கொடுத்தாலும் தேறாது. டிப்ஸ் தாளை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.

இந்தியாவில் இருப்பவருக்கு இந்தக் கணக்கு இன்னும் கடினம். 2025 செப்டம்பர் 22 முதல் குதிரைப் பந்தயத்துக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். அது லாபத்தின் மேல் அல்ல, கட்டும் தொகை முழுவதன் மேலும். கையிலிருந்து போகும் ஒவ்வொரு 140 ரூபாயிலும் 40 ரூபாய் வரி, கிளப்பின் பிடித்தம் அதற்கு மேல். ஜெயித்த பணத்துக்கு 30 சதவீத வருமான வரி தனி. தோற்ற ரேஸ்களின் நஷ்டத்தை அதில் கழிக்க முடியாது. அந்த வெற்றிக்காக வாங்கிய ரேஸ் புக்கின் விலையையும் கழிக்கச் சட்டம் இடம் தரவில்லை.